தேளின் குடித்தனம் முதுகின் மேலே

தம்பி, கோவையிலிருந்து புனே வந்து மூன்று வாரம் ஆகிறது, டெம்போவிலிருந்து சாமான் இறக்கும்போது கீழ்வீட்டுப் பாட்டி "வின்ட்ஸவாட்ஸ பிர்ஹாட் பாட்ஹீவர்" என்று சொல்லிச் சிரித்தார், போனில் தேடினால் தேள் என்று வருகிறது, வெளியூர்க்காரன் என்று குத்திக் காட்டுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. அந்த நினைப்பை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அது இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற மராத்திப் பழமொழி. "தேளின் குடித்தனம் அதன் முதுகின் மேலே" என்பது நேர்ப்பொருள். அடிக்கடி வீடு மாறுகிறவர்களையும், கையில் கொஞ்சம் சாமானோடு ஊர் ஊராகப் போகிறவர்களையும் பார்த்துச் சொல்வது. கொடுக்குக்கும் விஷத்துக்கும் இதில் வேலையே இல்லை.

தேள் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்த குட்டிகள் வெள்ளை வெளேர் என்று பொடிசாக இருக்கும். பிறந்ததும் தாயின் கால் வழியாக ஏறி முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை தோல் உரிக்கிறவரை அங்கேதான் வாசம். தாய் போகிற இடமெல்லாம் மொத்தக் குடும்பமும் போகும். வயல்வரப்பில், கல்லைப் புரட்டும்போது, இதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டாக்கிய பழமொழி இது. அதுவும் தேளை விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஊர்க்காரர்கள் அல்ல. மகாராஷ்டிரக் கடலோரமான கொங்கண் பக்கம் செந்தேள் கொட்டினால் உயிர் போகும் நிலை இருந்தது. அங்கே மஹாட் என்ற ஊரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையை இதற்குப் பயன்படுத்திப் பலரைப் பிழைக்க வைத்தார். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். (அந்தச் செந்தேளின் அறிவியல் பெயரில் பின்பாதி 'டமுலஸ்', நம் தமிழின் பெயர்தான்.) இவ்வளவு அஞ்சுகிற பிராணியிடம் கொடுக்கைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதுதான் இந்தப் பழமொழியின் அழகு.

அடுத்து 'பிர்ஹாட்'. இதை 'வீடு' என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். நம் 'குடித்தனம்' என்ற சொல்தான் கச்சிதமாகப் பொருந்தும். அடுப்பு, பாத்திரம், படுக்கை, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தது. பெரும்பாலும் இன்னொருவருக்குச் சொந்தமான இடத்தில் நடப்பது. "இந்த வீட்டில் எத்தனை குடித்தனம்?" என்று நாம் கேட்பதுபோல "கித்தி பிர்ஹாட ஆஹேத்?" என்று கேட்பார்கள். சதாசிவ் பேட், நாராயண் பேட், கஸ்பா பேட் போன்ற பழைய புனேப் பகுதிகளில் 'வாடா' என்ற முற்றம் வைத்த வீடுகள் இருந்தன. உடைமைக்காரர் ஒரு பகுதியில் இருப்பார். மற்றப் பகுதிகளில் ஒன்றிரண்டு அறையில் ஒண்டுக்குடித்தனங்கள். அந்தக் குடித்தனக்காரருக்கு 'பிர்ஹாட்கரூ' என்று பெயர். வாடாக்களில் பெரும்பாலானவை இடிந்து அடுக்குமாடி ஆகிவிட்டன. இப்போது 'பாடேகரூ' (வாடகைக்காரர்) என்ற சொல்தான் அதிகம் காதில் விழும். ஆனால் வயதானவர்கள் வாயில் பிர்ஹாட் இன்னும் இருக்கிறது. உங்கள் ஆஜி, அதாவது அந்தக் கீழ்வீட்டுப் பாட்டி, அந்த உலகத்துச் சொல்லைத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்தச் சொல்லிலிருந்து இரண்டு வழக்குகள் உங்களுக்கு உடனே உதவும். 'பிர்ஹாட் தாட்ணே' என்றால் குடித்தனம் போடுவது. 'பிர்ஹாட் ஹலவ்ணே' என்றால் ஜாகை மாற்றுவது.

உச்சரிப்பில் தமிழ் நாக்கு மூன்று இடத்தில் தடுக்கும். முதலாவது 'ட்ஸ'. தேளுக்கு மராத்தியில் 'வின்ட்ஸூ'. பீட்ஸாவில் வரும் ஒலியேதான். 'உடைய' என்ற வேற்றுமை உருபு பேச்சில் 'ட்ஸ'. எழுத்து நடையில் அதே உருபு 'ச்சே' ஆகிவிடும், அங்கே நம் 'பச்சை'யில் வரும் ச ஒலி போதும். புத்தகத்தில் 'வின்ட்ஸவாச்சே' என்றும் வாயில் 'வின்ட்ஸவாட்ஸ' என்றும் இருப்பது இதனால்தான், இரண்டும் சரி.

இரண்டாவது, பிர்ஹாட்டில் உள்ள ர். எழுத்தில் அது மேலே கொக்கியாக ஏறாமல், ஹ-வின் இடப்பக்கம் கண்ணிமை போல ஒரு சின்ன வளைவாக நிற்கும். அப்படி எழுதினால் ர்-ஐ அழுத்தாமல் லேசாகத் தொட்டுவிட்டு ஹ-வுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். 'பிர்ர்-ஹாட்' என்று உடைக்காதீர்கள். கடலைக் குறிக்கும் 'தர்யா'வுக்கும் பள்ளத்தாக்குகளைக் குறிக்கும் 'தர்யா'வுக்கும் இந்த அழுத்தம் ஒன்றுதான் வித்தியாசம். கடைசி ட், 'நாடு' என்பதில் வரும் மெல்லிய ட. 'பாட்டு'வில் வருவது அல்ல.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. முதுகு என்பது 'பாட்ஹ்', முதுகின் மேல் 'பாட்ஹீவர்'. ட-வுக்குப் பின் மூச்சு வெளியே வர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லுங்கள். காற்றுப் பட்டால் சரி. மூச்சு இல்லாமல் 'பாட்டீவர்' என்றால் 'பலகையின் மேல்' என்று ஆகிவிடும். பாட்டீ என்பது சிலேட்டுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் பெயர். புனேக்காரர்கள் வாசலில் எழுதி மாட்டுகிற பலகைகளுக்குப் பேர்போனவர்கள் என்பதால், தேளின் குடித்தனம் பலகையில் ஏறியதைக் கேட்டு நிச்சயம் சிரிப்பார்கள். வாக்கியத்தில் வினைச்சொல் கிடையாது, நம் பழமொழிகள் பலவற்றைப் போல. கடைசியில் 'ஆஹே' (இருக்கிறது) சேர்த்து முடிக்கத் தோன்றும், சேர்க்க வேண்டாம்.

யார், யாரைப் பார்த்துச் சொல்வது? தன்னைப் பற்றிச் சொல்வதுதான் மிக இயல்பு. வங்கி, போலீஸ், அரசு வேலை என்று மாற்றலாகிப் போகிறவர்கள் "ஆம்ட்ஸ காய், வின்ட்ஸவாட்ஸ பிர்ஹாட் பாட்ஹீவர்" என்பார்கள். "எங்களுக்கென்ன, மூட்டையைக் கட்டினால் கிளம்ப வேண்டியதுதான்" என்ற தொனி. அதில் கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் சுதந்திரம். பெரியவர்கள் இளையவரைப் பார்த்துப் பரிவோடு சொல்வதும் உண்டு, உங்களுக்கு நடந்தது அதுதான்.

நீங்கள் மற்றவரைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். மழை முடிந்ததும் பீட் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். டிராக்டர் டிரெய்லரில் பானை, சட்டி, கோழி, ஆடு, மேலே பிள்ளைகள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து 'ஒரு கோய்த்தா', அதாவது ஒரு அரிவாள், என்று கணக்கிடுவார்கள். ஆலைக்குப் பக்கத்தில் 'கோப்' என்ற குடிசை போட்டு மாசக்கணக்கில் வேலை. அவர்களுக்கும், கூடை முடையும் கைக்காடி மக்கள் போன்ற நாடோடிச் சமூகத்தாருக்கும் இது பழமொழி இல்லை, வாழ்க்கை. (கைக்காடி மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு, கேட்டால் பல சொற்கள் புரியும்.) அவர்கள் முகத்துக்கு நேரே இதைச் சொன்னால் வீடில்லாததைச் சொல்லிக்காட்டுவது போல ஆகும். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உங்களுக்கே இது எப்போது பொருந்தும் என்றால், அநேகமாக அடுத்த வருஷம். இங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் 11 மாதத்துக்குப் போடுவார்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999இன் 55ஆம் பிரிவுப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும், பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. 11 மாதம்தானே, பதிவு வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவான பிரதி ஒன்றைக் கையில் வாங்கி வையுங்கள். முகவரிச் சான்று கேட்கிற இடத்தில் அதுதான் உதவும்.

இனி ஆஜிக்குப் பதில். நாளைக்குப் படியில் பார்த்தால் நின்று, "ஹோ ஆஜி, ஆத்தா இத்தேட்ஸ் பிர்ஹாட் தாட்டாய்ட்ஸ" என்று சொல்லுங்கள். "ஆமாம் பாட்டி, இனி இங்கேயேதான் குடித்தனம் போடணும்" என்று பொருள். ('ஆத்தா' இங்கே 'இப்போது'.) ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டாம், ஆஜி போதும், அவர் பெண்ணின் வயதில் இருப்பவரைக் 'காகூ' என்று கூப்பிடலாம். பேச்சில் 'தூ' (நீ) வராமல் 'தும்ஹீ' (நீங்கள்) என்றே பேசுங்கள்.

பேசி முடித்துக் கிளம்பும்போது 'ஜாத்தோ' (போறேன்) என்று சொல்லாதீர்கள். நம் வீட்டில் 'போறேன்' என்றால் பெரியவர்கள் எப்படிப் பதறுவார்களோ அதே பதற்றம் இங்கேயும் உண்டு. 'யேத்தோ', வரேன் ஆஜி, என்றுதான் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு பேட்டைக்குச் சாமான் ஏற்றுகிற நாளிலும் அதே சொல்தான்.