பெண்ணுறையை நம்பலாமா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 28, இரண்டு குழந்தைகள். கருத்தடை மாத்திரை போட்டால் தலைவலி வருகிறது. ஆணுறை என்றால் வீட்டுக்காரர் சில நாள்தான் சம்மதிக்கிறார். பெண்களே வைத்துக்கொள்ளும் உறை இருக்கிறதாமே, நம்பலாமா?

பதில்: இருக்கிறது அம்மணி. இரண்டு முனையிலும் வளையம் உள்ள மெல்லிய பை அது. மூடிய முனை வளையத்தை அமுக்கி, கருப்பை வாய் வரை தள்ளிவிட வேண்டும். மற்ற வளையம் வெளியே நிற்கும். சில மணி நேரம் முன்பே வைத்துவிடலாம் என்பதால் அந்த நேரத்தில் அவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். பால்வினை நோய்களையும் தடுக்கும். முதலில் கைக்கு வழுக்கும், தனியாக இருக்கும்போது இரண்டு மூன்று தடவை பழகுங்கள். ஒரு உறை, ஒரே தடவை.

ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால், ஓராண்டில் 100 பெண்களில் 5 பேர் கருத்தரிக்கலாம். ஆனால் மறதியும் அவசரமும் சேர்ந்த நிஜ வாழ்க்கையில் அது 21. ஆணுறைக்கு 13. ஆகவே அவர் சம்மதிக்கும் நாளில் ஆணுறையே மேல். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றோடொன்று உரசிக் கிழியும், நழுவும்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். நம் பக்கம் தலைக்கும் புண்ணுக்கும் குழந்தைக்கும் அதுதான், ஆனால் ஆணுறைக்கு ஆகாது. லேடக்ஸ் ரப்பரில் எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். வறட்சி இருந்தால் எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் வாங்குங்கள். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த பெண்ணுறைக்கு எண்ணெயால் கெடுதல் இல்லை.

கருப்பை வாயை மூடும் டயாபிரம் என்ற கிண்ணமும் உண்டு. விந்தணுவைக் கொல்லும் ஜெல் தடவி வைத்து, உறவுக்குப் பின் 6 மணி நேரமாவது உள்ளே விட வேண்டும். நம் ஊர் மெடிக்கலில் கேட்டால் விழிப்பார்கள், அதைத் தேடி அலைய வேண்டாம். விந்தணுவைக் கொல்லும் மருந்தோடு உள்ளே வைக்கும் ஸ்பாஞ்ச், பிரசவமான பெண்களிடம் இன்னும் அதிகமாகத் தவறும்.

தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு ஓடுகிறதா? அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், மூன்றாவது குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்றால் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. ஹார்மோன் கிடையாது, அரசு மருத்துவமனையில் இலவசம், 380ஏ வகை 10 ஆண்டு தாங்கும். யாரிடமும் சம்மதம் கேட்கும் வேலையும் இல்லை. ஆனால் பால்வினை நோயை அது தடுக்காது.

அதுவரை உறை கிழிந்தாலோ நழுவினாலோ, 72 மணி நேரத்துக்குள் அவசர கருத்தடை மாத்திரை. ஷிப்ட் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள், நேரம் ஆக ஆக அதன் பலன் குறையும்.