மார்ச் 31-க்குப் பிறகு அந்த வகுப்பு என்னிடம் இருக்குமா?

கேள்வி (2022 பிப்ரவரி): கலிஃபோர்னியாவில் கிழக்கு விரிகுடாப் பகுதியில் இருக்கிறேன். கோவையில் எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். முடித்து ஆறு வருடம் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தேன். இங்கே எச்-4 விசா (எச்-1பி துணைவருக்கானது), ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இருக்கிறது. போன வருடம் சீபெஸ்ட் என்ற அடிப்படைத் திறன் தேர்வு எழுதி, 30 நாள் சப்ஸ்டிட்யூட் பெர்மிட் (ஒரே வகுப்பில் 30 நாள் வரை மாற்று ஆசிரியராக இருக்கும் அனுமதி) வாங்கினேன். ஜனவரி 18 முதல் ஒரே அல்ஜீப்ரா வகுப்பை நான்தான் எடுக்கிறேன். “கவர்னர் உத்தரவு வந்துவிட்டது, 120 நாள் வரை இருக்கலாம்” என்றார்கள். அந்த உத்தரவு மார்ச் 31-ஓடு முடிகிறதாம். அப்புறம் என்ன? கொரோனாவால் தேர்வெல்லாம் ரத்து, இனி நேராக கிரெடென்ஷியல் (ஆசிரியர் உரிமம்) வாங்கிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில் (2022 பிப்ரவரியில் இருந்த விதிகளின்படி): உங்களுக்குச் சொல்லப்பட்டது பொய் இல்லை, பாதிதான். அந்த 120 நாள் உங்களுக்குக் கொடுத்த சலுகை இல்லை, உங்கள் பள்ளி மாவட்டத்துக்குக் கொடுத்தது. (இங்கே மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ் சமாச்சாரம் அல்ல. சில பள்ளிகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அமைப்பு. கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன.) உங்கள் கையிலிருக்கும் பெர்மிட் இன்றைக்கும் 30 நாள் பெர்மிட்தான்.

ஜனவரி 11 அன்று கவர்னர் நியூசம் கையெழுத்திட்ட உத்தரவின் எண் என்-3-22. ஒமிக்ரான் அலையில் ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக விடுப்பில் போனபோது, பள்ளிக் கதவைத் திறந்து வைக்க ஆள் வேண்டுமென்று வந்தது. அதைப் பயன்படுத்த மாவட்டம் முதலில் எழுத்தில் ஒரு குறிப்பு வைக்க வேண்டும்: கோவிட் பரவலால் தற்காலிக ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்று. அந்தக் காகிதம் இருந்தால்தான் நாள் வரம்பு தளரும். ஆகவே உங்கள் எச்.ஆர். அலுவலகத்திடம் இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள்: அந்தக் குறிப்பு இருக்கிறதா, என் நாள்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள், ஏப்ரல் 1 அன்று எந்த விதியின்கீழ் நான் வகுப்பில் நிற்பேன்? வாய்மொழியாகக் கேட்டால் “பார்த்துக்கலாம்” என்று பதில் வரும். எழுதிக் கேட்டால் ஒருவர் உட்கார்ந்து விதியைப் படித்தாக வேண்டும்.

ஏப்ரல் 1 அன்று எல்லாம் 30 நாளுக்குத் திரும்பிவிடாது. இடையில் இன்னொரு படி இருக்கிறது. 2021 செப்டம்பரில் சட்டமான ஏபி 167, ஒரே வகுப்பில் ஒரு சப் (சப்ஸ்டிட்யூட்) மொத்தம் 60 நாள் வரை இருக்கலாம் என்கிறது. இது கவர்னர் உத்தரவு அல்ல, சட்டமன்றம் போட்டது. 2022 ஜூலை 1 வரை செல்லும். சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கு வழக்கமான வரம்பு 20 நாள். அதற்கும் இதே 60 பொருந்தும்.

சரி, கணக்குப் போடுவோம். ஜனவரி 18 செவ்வாய் முதல் அந்த மாத முடிவு வரை 10 பள்ளி நாள். பிப்ரவரியில் பிரசிடெண்ட்ஸ் டே போக 19. மார்ச்சில் 23. ஆக 52. உங்கள் மாவட்டம் பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க விடுமுறை விட்டால் 48. ஆகவே மார்ச் 31 மாலை உங்கள் கையில் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள்தான் மிச்சம். வசந்த விடுமுறையை இடையில் சேர்த்தாலும் ஏப்ரல் மூன்றாவது, நான்காவது வாரத்தோடு முடிந்தது. ஜூன் வரை வகுப்பு இருக்கிறதே என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான்.

இந்த இடத்தில் மாவட்டம் உங்களிடம் ஒரு யோசனை சொல்லக்கூடும்: “ஷார்ட் டெர்ம் ஸ்டாஃப் பெர்மிட் போட்டுவிடலாமா?” எஸ்.டி.எஸ்.பி. என்பார்கள், ஒரு வகுப்பின் ஆசிரியராகவே வேலை பார்க்கக் குறுகிய கால அனுமதி. மாவட்டமே விண்ணப்பிப்பது. அந்தப் பாடத்தில் 18 செமஸ்டர் யூனிட் படித்திருந்தால் போதும், நீங்கள் கணிதத்தில் முதுகலையே வைத்திருக்கிறீர்கள். சம்பளமும் பெரும்பாலும் சப் தினக்கூலியிலிருந்து ஆசிரியர் ஊதிய அட்டவணைக்கு ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், அந்தப் பள்ளி ஆண்டோடு காலாவதியாகும். ஏப்ரலில் வாங்கினால் ஆயுளில் கிடைக்கும் ஒரே பெர்மிட்டை இரண்டு மாதத்துக்குச் செலவழித்ததாக ஆகும். ஆகஸ்டில் ஒரு முழு வருட வேலை வந்து, உங்கள் கிரெடென்ஷியல் இன்னும் கைக்கு வராமல் இருந்தால் அப்போதுதான் அது தேவைப்படும். என் கருத்து: ஏப்ரல் மே இரண்டு மாதமும் வேறு வகுப்புகளில் சப்பாகப் போங்கள். 60 நாள் வரம்பு ஒரு வகுப்புக்குத்தானே தவிர ஆளுக்கு அல்ல. பிள்ளைகளை நடுவில் விட்டுப்போக மனசு வராது, தெரியும். ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

இனி வாட்ஸ்அப் விஷயம். அதிலும் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020 ஜூனில் ஒரு சட்டம் போட்டு, இளங்கலைப் பட்டம் இருந்தால் தேர்வு இல்லாமலே அவசரகால லைசன்ஸ் கொடுத்தார்கள். அது ஆளின் பெயரில் வரும் லைசன்ஸ். யாரோ ஒருவரின் மைத்துனி பாஸ்டனில் வாங்கியிருப்பார், செய்தி இங்கே வந்து சேரும்போது “அமெரிக்கா முழுக்க ரத்து” என்று ஆகியிருக்கும். ஆசிரியர் லைசன்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. நம் ஊர் பி.எட். போல எங்கும் செல்லுபடியாகும் ஒரே காகிதம் இங்கே கிடையாது.

கலிஃபோர்னியா செய்தது வேறு. 2020 மார்ச்சில் தேர்வு மையங்கள் மூடப்பட்டன, பள்ளிகளும் மூடப்பட்டன. பயிற்சியிலிருந்தவர்களுக்குத் தேர்வெழுத இடமில்லை, பாடம் நடத்திக்காட்ட வகுப்பும் இல்லை. மே 29 அன்று வந்த என்-66-20 உத்தரவு, பயிற்சிப் படிப்பில் சேரும் முன் சீபெஸ்ட், முதல்நிலை கிரெடென்ஷியலுக்கு முன் வாசிப்புத் தேர்வு, செயல்திறன் மதிப்பீடு ஆகியவற்றைத் தள்ளிவைத்தது. ஒத்திவைத்தார்களே ஒழிய தள்ளுபடி செய்யவில்லை. கடன் தவணையைத் தள்ளிப்போடுவது போலத்தான், பிறகு கட்டியே ஆக வேண்டும். அந்தப் பட்டியலும் அப்போது பயிற்சியில் இருந்தவர்களுக்கு, உங்களுக்கு அல்ல.

உங்களுக்கு உண்மையில் உதவுவது 2021 ஜூலையில் வந்த ஏபி 130. கொரோனா நேரத்தில் வந்தாலும் இதற்குக் காலாவதித் தேதி இல்லை. அதன்படி சீபெஸ்டுக்குப் பதில், வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் ‘பி’ அல்லது அதற்கு மேல் வாங்கிய கல்லூரிப் பாடங்களைக் காட்டலாம். நீங்கள் சீபெஸ்டைத் தாண்டிவிட்டீர்கள், அது வேண்டாம். அடுத்ததுதான் முக்கியம்: பாட அறிவை நிரூபிக்க முன்பு சீசெட் என்ற பாடத் தேர்வு எழுத வேண்டும், கணிதத்துக்கு மூன்று தாள். இப்போது அந்தப் பாடத்தையே முதன்மையாக எடுத்துப் பட்டம் பெற்றிருந்தால் அதுவே போதும். உங்கள் எம்.எஸ்ஸி.க்கு இங்கே ஒரு வேலை வந்திருக்கிறது.

இன்னொன்று, சொல்லப்போனால் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பெருந்தொற்றுச் சலுகைக்குள் நுழைந்து வழி தேட அவசியமே இல்லை. வெளிநாட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கென்று கலிஃபோர்னியாவில் கொரோனாவுக்கு முன்பிருந்தே தனிப் பாதை உண்டு. அமெரிக்க இளங்கலைக்கு இணையான பட்டம், அதோடு பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுத்ததையும் உள்ளடக்கிய பயிற்சிப் படிப்பு, இரண்டும் இணையென்று மதிப்பீட்டு அறிக்கை வந்தால் ஐந்தாண்டு முதல்நிலை கிரெடென்ஷியலுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். மாவட்டத்தின் தயவு வேண்டாம்.

தடுக்கி விழுவது அந்த அறிக்கையில்தான். கிரெடென்ஷியல் வழங்கும் மாநில ஆணையம் அங்கீகரித்த மதிப்பீட்டு நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள், பாடவாரியான விரிவான அறிக்கை கேளுங்கள். நம் மூன்று வருட பி.எஸ்ஸி.யை மட்டும் தனியாகக் கொடுத்தால் நான்கு வருடப் பட்டத்துக்குக் குறைவு என்று சில நிறுவனங்கள் எழுதிவிடும். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., பி.எட். மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். பி.எட். மதிப்பெண் பட்டியலில் கற்பித்தல் பயிற்சி தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருட பி.எட். காலத்தில் படித்தவர் என்றால் (2015-இல்தான் இரண்டு வருடமானது) எத்தனை வாரம், எந்தப் பள்ளியில் பயிற்சி எடுத்தீர்கள் என்று கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். இந்தக் கடிதம் இல்லாமல் திரும்பி வந்த விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் வர எவ்வளவு நாளாகும் என்பது உங்களுக்கே தெரியும். அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து அப்பாவையோ தம்பியையோ நேரில் அனுப்புங்கள், மின்னஞ்சலை நம்பி உட்காராதீர்கள். அறிக்கைக்குச் சில வாரம். அதன்பின் சாக்ரமெண்டோவில் உள்ள அந்த ஆணையம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 50 வேலைநாள் வரை எடுத்துக்கொள்ளும். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: ஆகஸ்டில் வேலை வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இன்று பிப்ரவரி பாதி. காலம் இருக்கிறது, தாராளமாக இல்லை.

கிரெடென்ஷியலோடு வரும் கடிதத்தில் ஐந்தாண்டுக்குள் முடிக்க வேண்டியவை எழுதியிருக்கும். அமெரிக்க அரசியலமைப்பு பற்றிய ஒரு பாடமோ தேர்வோ, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குக் கற்பிக்கும் தகுதி என்று இரண்டு நிச்சயம் வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஒருவேளை உங்கள் பி.எட். இணையில்லை என்று அறிக்கை வந்தால் இண்டர்ன் வழி இருக்கிறது: பல்கலைக்கழகப் பயிற்சியில் சேர்ந்து, 120 மணி நேர முன்பயிற்சி முடித்து, சம்பளத்தோடு வகுப்பெடுத்தபடியே படிப்பது. கடினம்தான், ஆனால் பலர் செய்கிறார்கள்.

ஈ.ஏ.டி. காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடென்ஷியல் ஐந்தாண்டுக்கு இருந்தாலும் வேலை செய்யும் அனுமதி அதோடு நீளாது. எச்.ஆர். அதைத் தனியாகக் கேட்பார்கள்.

மார்ச் 15-க்குள் மாவட்டங்கள் அடுத்த ஆண்டு யாரைக் குறைக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அது முடிந்ததும் எட்ஜாயின் என்ற பள்ளி வேலைவாய்ப்புத் தளத்தில் காலியிடங்கள் வரத் தொடங்கும். கணிதத்துக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம். உங்கள் பள்ளி முதல்வரிடம், அவர் வகுப்பை நேரில் பார்த்திருக்கும்போதே, ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏப்ரலில் வேறு பள்ளியில் நின்றுகொண்டு கேட்பது அவ்வளவு எளிதாக இருக்காது.