மாதம் 52 வெள்ளிதானே என்று தொடங்கிய டின் கடன்

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வயது 18, எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு) படிக்கிறேன். சனி, ஞாயிறில் மினிமார்க்கெட்டில் வேலை செய்து மாதம் 360 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறேன். அதில் 100 வெள்ளியை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எட்டு மாதமாக வீகன். பால், தயிர், நெய்கூட இல்லை. இரத்தம் குறைந்துவிடும் என்று சித்தி பயமுறுத்தியதால் அவர் விற்கும் தாவரப் புரோட்டீன் மாவை மாதம் ஒரு டின் வாங்குகிறேன். விலை 288 வெள்ளி. கைப்பேசியில் ‘பிறகு கட்டலாம்’ வசதியில் ஆறு தவணை, மாதம் 52 வெள்ளி. நான்கு டின் ஆகிவிட்டது, கையில் காசு நிற்பதே இல்லை. நிறுத்தினால் அந்த நேரடி விற்பனை நிறுவனத்தில் சித்தியின் ரேங்க் போய்விடுமாம். தவணை விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. வீகன் சாப்பாடு நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படி ஆகாதா?

பதில்: தாராளமாகக் கட்டுப்படி ஆகும், மகளே. உன் சம்பளத்தைத் தின்பது அந்த டின். பருப்பையும் கீரையையும் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. எட்டு மாதம் சமாளித்தவள் நீ. கடனைப் பார்ப்போம்.

52 வெள்ளி என்பது ஒரு டின்னுக்கான தவணை. பழைய டின்னின் தவணை முடிவதற்குள் அடுத்த டின்னை வாங்குகிறாய். முதல் மாதம் 52 கட்டினாய். இரண்டாம் மாதம் 104. அப்புறம் 156. இந்த மாதம் 208. இப்படியே போனால் ஆறாவது மாதத்தில் 312 வந்து நிற்கும். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் 312தான். அம்மாவுக்குக் கொடுக்கும் நூறைச் சேர்த்தால் உன் மொத்தச் சம்பளத்தையே தாண்டிவிடும். ‘52 வெள்ளிதானே’ என்ற நினைப்புதான் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

வட்டியையும் பார். ஆறு தவணையில் 312 வெள்ளி கட்டுகிறாய்; கூடுதல் 24 வெள்ளி. பார்வைக்குச் சின்னத் தொகை. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகப் போட்டால் ஏறக்குறைய 28 விழுக்காடு வருகிறது. நம் மலேசியாவில் கடனட்டைக்கே உச்சவரம்பு 18 விழுக்காடுதான். சேவைக் கட்டணம் என்று வேறு பெயர் வைத்தாலும் உன் பையிலிருந்து போகும் காசு ஒன்றுதான்.

தவணை என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1960இல் சுங்கை சிப்புட்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித்தான், துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். உன் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். அந்தத் தவணையில் கடைசியில் நிலம் மிஞ்சியது. உன் தவணையில் காலி டின்தான் மிஞ்சுகிறது.

அதற்குள் என்ன இருக்கிறது? நீ அனுப்பிய படத்தில் லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொருள்களின் பட்டியலில் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். சோயாப் புரோட்டீன் இரண்டாவதாகத்தான் வருகிறது. மொத்தம் 750 கிராம்; 30 கிராம் மாவில் 12 கிராம் புரதம். ஒரு டின்னுக்கு 25 வேளை, ஆக 300 கிராம் புரதம். ஒரு கிலோ மைசூர் பருப்பில் ஏறக்குறைய 240 கிராம் புரதம் இருக்கிறது, விலை ஆறு வெள்ளி அளவில். கணக்குப் போட்டால், டின்னில் உள்ள அதே 300 கிராம் புரதம் கடைத்தெருவில் ஏழரை வெள்ளிப் பருப்பில் கிடைக்கிறது. அதற்கு நீ கட்டுவது 312 வெள்ளி! சோயாதான் வேண்டுமென்றால் இரண்டு வெள்ளித் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) இருக்கிறது. சித்தி சொன்னதும் பயந்துபோய் வாங்கினாய், புரிகிறது. ஆனாலும் இந்த விலையைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஐந்தாவது டின்னை வாங்காதே. இன்றே நிறுத்தினால் பாக்கி 728 வெள்ளி: அடுத்த இரண்டு மாதம் 208, பிறகு 156, 104, 52. ஐந்தே மாதத்தில் தீர்ந்துவிடும். இதை அடைக்க இன்னொரு செயலியில் கடன் எடுக்காதே, யாரிடமும் கைமாற்றும் வாங்காதே. திறக்காத டின் இருந்தால் சித்தியிடம் திருப்பிக் கொடுத்துக் காசு கேள். கேட்பதில் வெட்கமில்லை.

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு. திட்டுவார்; பரவாயில்லை. அவருக்குத் தெரியாமல் சித்தியிடம் நீ மட்டும் பேசினால், நாளைக்கு அது அக்காள் தங்கைச் சண்டையில் போய் முடியும். பிறகு சித்தியிடம் ஒரே வரியில் சொல்: “எனக்குக் கடன் ஆகிவிட்டது சித்தி, இனிமேல் வாங்க முடியாது.” காரணங்களை அடுக்காதே, ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். ரேங்க்கைக் காப்பாற்ற 18 வயதுப் பிள்ளையின் சம்பளம் தேவைப்படுகிறது என்றால் அந்த வியாபாரம் நன்றாக நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். ‘நீயும் உறுப்பினராகு, கமிஷன் வரும்’ என்று அடுத்து கேட்பார். அதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிடு. நிறுவனத்துக்கு உரிமம் இருக்கலாம், டின்னில் ஏஜேஎல் எண்கூட (நேரடி விற்பனை உரிம எண்) இருக்கலாம். உரிமம் இருப்பதால் விலை நியாயமாகிவிடாது.

இந்த இரண்டு மாதம் நெருக்கடிதான். 360இல் தவணைக்கு 208, அம்மாவுக்கு 100 போனால் மிச்சம் 52. அதில் இரண்டு கிலோ பருப்பு 12 வெள்ளி, பச்சைப்பயறு ஒரு கிலோ 8, எட்டுப் பொட்டலம் தெம்பே 16, அரை கிலோ வேர்க்கடலை 5. மொத்தம் 41 வெள்ளி. சோறும் கீரையும் வீட்டில் இருக்கின்றன. அம்மாவிடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: தாளிப்பதற்கு நெய் வேண்டாம், உன் பங்குச் சம்பாலைப் பெலாச்சான் (இறால் விழுது) போடாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மாக் மீட் (இறைச்சி போலச் செய்த சைவ உணவு) பக்கம் போகாதே. அது விலை அதிகம். பலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள்.

ஒரு செலவை மட்டும் குறைக்காதே. பி12 வைட்டமின் உன் சாப்பாட்டில் போதுமான அளவு கிடைக்காது. தெம்பேயை நம்ப முடியாது. மருந்துக்கடையில் மாத்திரையாகக் கேட்டு வாங்கு. ஜெலட்டின் உறை போட்டது உனக்கு ஆகாது. ஒரு புட்டி சில மாதத்துக்கு வரும். அதற்காக அம்மாவுக்குக் கொடுக்கும் நூறில் ஒரு மாதம் 20 வெள்ளி குறைத்தால் தப்பில்லை, சொல்லிவிட்டுக் குறை.

இரத்தம் குறைந்திருக்கிறதா என்ற பயத்துக்கு அரசாங்க கிளினிக்குக்குப் போ. பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. வீகன் என்று சொல்லி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல். சாப்பிட்ட கையோடு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடு. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை குறைக்கும்.

இடையில் வேலை போய்த் தவணை கட்ட முடியாவிட்டால், தவணை நாள் கடப்பதற்குள் ஏகேபிகே அலுவலகத்தை அழை. பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.