லண்டன்–நியூயார்க்: ஒரே தொலைவுக்கு இரு திசைகளிலும் பயண நேரம் ஏன் வேறுபடுகிறது?

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான தொலைவு, கோள வடிவப் பூமியின் மீது மிகக் குறுகிய வழியில் அளந்தால், ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். ஆயினும், மேற்கே நியூயார்க்குக்குச் செல்ல ஏறத்தாழ 8 மணி நேரமும், கிழக்கே லண்டனுக்குத் திரும்ப 7 மணி நேரமும் ஆகின்றன.

வட அட்லாண்டிக்குக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் அதிவேகக் காற்றோட்டமே இதற்குக் காரணம். துருவக் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாட்டால் உருவாகும் இக்காற்று, அவ்வேறுபாடு மிகும் குளிர்காலத்தில் வலுப்பெறுகிறது. காற்றைச் சார்ந்த விமானத்தின் வேகம் மாறுவதில்லை. தரையைச் சார்ந்த வேகமே கூடுகிறது அல்லது குறைகிறது. 2020 பிப்ரவரியில், புயலையொட்டிய பின்காற்றின் துணையால், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, உண்மையிலேயே வியப்புக்குரியது. அதனால் அன்றாடம் காற்றின் போக்கைக் கணித்தே கடல்மேல் வழித்தடங்கள் வகுக்கப்படுகின்றன. குறுகிய வழியே விரைவான வழி என்று கொள்ளலாகாது.

பயணச்சீட்டில் இருப்பவை உள்ளூர் நேரங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால், வழக்கமான 5 மணி நேர வேறுபாட்டைச் சேர்த்து, பயணம் 8 மணி நேரம் எனக் கணக்கிட வேண்டும்.