நரம்பு அறுபட்டால் கல்லீரல் வளராதா?

கேள்வி: என் கணவர் தம் அப்பாவுக்குக் கல்லீரலின் வலது பாகத்தைத் தானம் செய்யப் போகிறார். அறுவை சிகிச்சையில் நரம்பும் அறுபடும், பிறகு கல்லீரல் வளராது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பைத் தூண்டும் மூச்சுப் பயிற்சி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உதவுமா?

பதில்: சகோதரி, உறவினர் சொன்னதில் பாதி உண்மை. கல்லீரலுக்குரிய நரம்புகள் மெல்லிய இழைகளாக ஈரல் தமனியைச் சுற்றிப் படர்ந்தபடியே உள்ளே போகின்றன. வலது பக்கத் தமனியை வெட்டும்போது அந்த இழைகளும் அறுபடும். உங்கள் மாமனாருக்குப் பொருத்தும்போது இரத்தக் குழாய்களையும் பித்தநாளத்தையும் தைப்பார்கள், நரம்புகளைத் தைப்பதில்லை. அப்படியும் அந்தப் பாகம் அவர் உடலில் வளர்கிறது. உங்கள் கணவருக்கோ, எஞ்சும் இடது பாகத்தின் நரம்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

வளர்ச்சியைத் தொடங்கி வைப்பதில் பெரும்பங்கு இரத்தத்துக்கு. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் இப்போது சிறிய ஈரலுக்குள் பாய்கிறது. அந்த அழுத்தமும் இரத்தத்தில் வரும் வளர்ச்சிக் காரணிகளும் செல்களைப் பெருகச் செய்கின்றன. வெட்டிய மடல் மீண்டும் முளைக்காது. இருக்கும் பாகம்தான் பருக்கும், அதுவும் முதல் சில வாரங்களில் வேகமாக.

நரம்பு இதைத் துரிதப்படுத்துகிறது. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலம் ஈரலின் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது; அவை சுரக்கும் இன்டர்லியூகின்-6 என்ற புரதம் ஈரல் செல்களைப் பிரிந்து பெருக வைக்கிறது. வேகஸின் ஈரல் கிளையை வெட்டிய எலிகளில் வளர்ச்சி தாமதமானது. நின்றுவிடவில்லை என்பதை உங்கள் கணவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் பயிற்சி மனதை அமைதிப்படுத்தலாம். ஈரலை வளர்க்கும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கீழாநெல்லி உட்பட எந்த மருந்தையும், வலி மாத்திரையையும், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மது அறவே கூடாது. முட்டை, பருப்பு, மீன் போன்ற புரத உணவை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சொல்வார்.

எனக்குக் கவலை அவருடைய தூக்கமின்மை பற்றித்தான். பயத்தை மருத்துவக் குழுவிடம் அவர் தனியாகப் பேசட்டும். மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை தானத்திலிருந்து விலக அவருக்கு உரிமை உண்டு. மாமனார் வீட்டில் யாரும் அதைக் குற்றமாகப் பேசிவிடாமல் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அறுவைக்குப் பிறகு, பந்துகள் மேலேற மூச்சை உள்ளிழுக்கும் சிறு கருவி ஒன்றைத் தருவார்கள். அது நுரையீரலில் சளி தேங்காமல் இருக்க. வயிறு வலித்தாலும் அந்தப் பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள்.