முக்திநாத் போகிறவர்களுக்கு: பட்டியலில் ஒரு நாள் காலியாக இருக்கிறதா?

(கும்பகோணத்தில் 32 ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவர், யாத்திரைக் குழுக்களோடு மூன்று முறை முக்திநாத் சென்று வந்தவர், வாசகியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: பூமியில் இருக்கும் 106 திவ்ய தேசங்களில் நானும் என் கணவரும் இன்னும் சேவிக்காதது திருச்சாளக்கிராமம், அதாவது நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் ஒன்றுதான். அவருக்கு 69 வயது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. குழுக்காரர் கொடுத்த ஏழு நாள் பட்டியலை இணைத்திருக்கிறேன். முதல் நாள் இரவு காத்மாண்டு, இரண்டாம் நாள் இரவு போக்கரா, மூன்றாம் நாள் விடியற்காலை ஜோம்சோமுக்கு விமானம், அன்றே தரிசனம், இரவு முக்திநாத்திலேயே தங்கல். போகலாமா?
வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: 105-ஐச் சேவித்துவிட்டு ஒன்றுக்காக ஏங்குகிறவரிடம் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருடைய வயதைவிட, நீங்கள் அனுப்பிய பட்டியலின் மூன்றாம் நாள் இரவுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு இரவுக்கும் எதிரே அந்த ஊரின் உயரத்தை எழுதுங்கள். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர். போக்கரா சுமார் 820. ஜோம்சோம் சுமார் 2,700. முக்திநாத் ஏறக்குறைய 3,700. நமக்குத் தெரிந்த பெரிய உயரம் தொட்டபெட்டா, அது 2,637 மீட்டர். அதற்கும் மேலே இன்னும் ஆயிரம் மீட்டரில் உங்கள் கணவரைப் படுக்க வைக்கப் போகிறார்கள், அதுவும் போக்கராவில் கண் விழித்த அதே நாளில். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, ஸ்ரீரங்கத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடல் அதற்குப் பழக நாள் வேண்டும். மேலே போய்ச் சேவித்துவிட்டுக் கீழே இறங்கித் தூங்குவதைப் பெரும்பாலோர் தாங்குவார்கள். பழகாத உடலோடு மேலேயே தூங்குவதில்தான் வம்பு.

நான் இரண்டாம் முறை போனபோது இதே போன்ற பட்டியல்தான். கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவா கிராமத்தில் தங்கினோம். அன்று இரவே ஓர் அம்மாளுக்குத் தலைவலி. ‘வெறும் வயிறு, காபி குடித்தால் போய்விடும்’ என்றார் குழுக்காரர். காலையில் அந்த அம்மாள் ஸ்வெட்டர் பொத்தானைப் போட முயன்றுகொண்டே இருந்தார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. விடுதி முற்றத்தில் கற்பலகைகள் பதித்திருந்தார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஓடிய கோட்டைக் காட்டி, அதன் மேல் ஒரு பாதத்தின் குதிகால் இன்னொன்றின் விரலைத் தொடும்படி நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. சேவை ஆகவில்லையே என்று அவர் அழுதார். கேட்கவில்லை, ஜீப்பில் ஏற்றி ஜோம்சோமிலும் நிறுத்தாமல் 1,200 மீட்டர் அளவில் இருக்கும் தாதோபானி வரை இறக்கினோம். பாதி வழியிலேயே, ‘கொஞ்சம் ரசம் சாதம் கிடைக்குமா?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

உங்கள் குழுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: ஜோம்சோமில் முதலில் ஓர் இரவு தங்க வேண்டும். மறுநாள் முக்திநாத் போய், சேவித்துவிட்டு, ஜோம்சோமுக்கே திரும்பித் தூங்க வேண்டும். அதோடு போக்கராவில் ஒரு நாள் வேலையில்லாமல் காலியாக இருக்க வேண்டும். அது எதற்கு என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். முடியாது என்றால் வேறு குழு பாருங்கள், முன்பணம் போனாலும் போகட்டும்.

கணவர் இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறாரா, ஏறும்போது நெஞ்சு அடைக்கிறதா என்று பாருங்கள். இதய மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. பெரும்பாலும் 125 மில்லிகிராம் வீதம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், நீர் பிரியும் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் தாமாகவே இதை வாங்கி விழுங்கக் கூடாது. கடையில் விற்கும் சிறிய ஆக்சிஜன் குப்பியை நம்பி மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மருந்து, இறங்குவதுதான்.

கேள்வி: நேபாள விமானங்கள் விழுவதாக அடிக்கடி செய்தி வருகிறதே. சாலையில் போவது மேலா?
வாசகர், மதுரை

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 மே 29 அன்று போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குக் கிளம்பிய சிறிய விமானம் மலையில் மோதி, அதில் இருந்த 22 பேரும் இறந்தார்கள். 2023 ஜனவரி 15 அன்று போக்கராவில் இறங்கவிருந்த விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். நேபாள நிறுவனங்களின் விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் தடை போட்டது. ஆனால் சாலையும் பூப்பாதை அன்று. 2024 ஜூலை 12 அன்று சித்வன் மாவட்டத்தில் நிலச்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிவிட்டது.

ஆகவே எதில் போவது என்பதற்கு முன் எப்போது போவது என்று கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர் நல்லது. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் ஏற ஏறக் காற்று பலமாகிவிடும், அதனால்தான் ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே பறந்து முடிக்கின்றன. மேகம் இறங்கினால் அன்றைக்கு விமானம் இல்லை.

இங்கேதான் அந்தக் காலியான நாள் வேலை செய்கிறது. மறுநாள் காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்ப டிக்கெட் வைத்திருக்கும் நாற்பது பேர், ‘எப்படியாவது பறக்கச் சொல்லுங்கள்’ என்று விமான நிலைய மேசையைச் சூழ்ந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு நாள் இருப்பவர் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஜீப்பில் போனாலும் இதேதான்: அவசரம் இல்லாதவர் இருட்டில் மலைப்பாதையில் போக வேண்டியதில்லை.

கேள்வி: 2025-இல் காத்மாண்டுவில் கலவரம் நடந்ததால் மகன் போக வேண்டாம் என்கிறான். முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, கோவை

பதில்: முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது அம்மா. அந்தச் செப்டம்பர் 8 அன்று சமூக வலைதளத் தடைக்கு எதிராக இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்று ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார், விமான நிலையம் மூடப்பட்டது. முந்தின வாரம் கிளம்பிய யாத்ரீகர்கள் இதையெல்லாம் எப்படி எதிர்பார்த்திருப்பார்கள்?

கிளம்பும் வாரத்தில் இந்திய வெளியுறவு அமைச்சகமும் காத்மாண்டு இந்தியத் தூதரகமும் வெளியிடும் அறிவிப்புகளைப் பாருங்கள். தூதரகத்தின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி இடுப்புப் பையில் வையுங்கள். இணையம் நின்றால் கைப்பேசியில் சேமித்த பக்கம் உதவாது. ஒரு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. ஊரடங்கு என்றால் விடுதியை விட்டு வெளியே வர வேண்டாம். தங்குமிட விவரம் முழுவதும் மகனிடம் இருக்கட்டும், அவனுக்கும் தூக்கம் வரும்.

கேள்வி: நேபாளத்துக்கு ஆதார் போதாதா? காப்பீடு வேண்டுமா?
வாசகர், விழுப்புரம்

பதில்: விசா வேண்டியதில்லை என்பதால் அது வெளிநாடு என்பதே பலருக்கு மறந்துபோகிறது. 15 வயதிலிருந்து 65 வரை உள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் மட்டும் போதாது. இங்குள்ள மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். பயணக் காப்பீடு வாங்கும்போது இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு சேருமா.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். அங்குள்ள 108 தாரைகளிலும் நீராட ஆசை. விரதம் இருந்துதான் சேவிக்க வேண்டுமா?
வாசகி, காஞ்சிபுரம்

பதில்: விரதம் வேண்டவே வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், அந்த உயரத்தில் படியேறினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மயக்கம் மலைநோயாலா, சர்க்கரையாலா என்று பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், பிறகு இளகினாலும் பயன்படாது. ஆகவே பேனாவை ஒரு கம்பளிக் காலுறையில் போட்டு ஸ்வெட்டருக்கு உள்ளே உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் போர்வைக்குள்.

அந்தத் தண்ணீர் பனி உருகி வருவது. காளை முகங்களிலிருந்து பிடரியில் விழும்போது மூச்சு ஒரு கணம் நின்றுவிடும். இதயக் கோளாறு உள்ளவர்களும் நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களும் அதில் ஓட வேண்டாம் என்றே சொல்வேன். என் மாமியாரை 76 வயதில் அழைத்துப் போனேன். ஒவ்வொரு தாரையிலும் விரல் நுனியை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டே 108-ஐயும் நடந்து முடித்தார். உலர்ந்த துண்டோடும் வெந்நீர்க் குடுவையோடும் நான் பின்னால் போனேன்.