மஞ்சத்துணி முடிச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மூன்று வருடமாகப் போனில் ரம்மி ஆடுகிறார். ரம்மி ஆப்களையெல்லாம் மூடிவிட்டதாகச் சொன்னார்கள். இவர் யாரோ அனுப்பும் லிங்கில் இன்னும் ஆடுகிறார். மார்கழியில் பழனிக்கு மாலை போட்டார். 40 நாளுக்கு மேல் போனில் ஆட்டமே இல்லை. தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாக நடந்தே போய் வந்தார். மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள் திரும்ப ஆரம்பித்தவர், இதுவரை 62,000 ரூபாய் விட்டிருக்கிறார். பண்ணாரி அம்மனுக்குக் குண்டம் இறங்குவதாக (தீ மிதிப்பதாக) வேண்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்கிறார் என் அத்தை. சாமியை நம்பினால் இது விடுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, காங்கயம் பக்கம்)

பதில்: அம்மிணி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த 40 நாள்தான். மாலை போட்டிருந்தபோது விடியற்காலையில் எழுப்ப ஆள் இருந்தது. சாயங்காலம் பஜனைக்குக் கூப்பிட ஆள் இருந்தது. 'சாமி, சாமி' என்று கூப்பிடுகிறவர்கள் முன்னால் போனைத் தடவக் கூச்சமும் இருந்திருக்கும். மாலையோடு அத்தனையும் கழன்றுவிட்டது. முருகன் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அந்த விரதத்துக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது, அது அவருக்கும் தெரியும்.

நான் இதைப் படித்துச் சொல்லவில்லை. 1990-களில் குமாரபாளையத்தில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்டரிக் கடை. சிக்கிம், நாகாலாந்து, பூட்டான் என்று மேப்பில்கூடத் தேடிப் பார்க்காத ஊர்ச் சீட்டெல்லாம் வாங்கினேன். சாமி கும்பிடாமல் ஒரு சீட்டும் வாங்கியதில்லை. ஆற்றைத் தாண்டினால் பவானி கூடுதுறை. சங்கமேஸ்வரர் சன்னதிக்கு வெளியே வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பேன். வெள்ளை வந்தால் அன்றைக்கு 5 சீட்டுக்குப் பதிலாக 20. பரிசு விழாவிட்டால் சாமி மேல் குற்றமில்லை. நான்தான் சரியாகக் குளிக்காமல் போய்விட்டேன் என்று சமாதானம். பூப்போட்டுப் பார்த்ததே இன்னொரு சீட்டுக் குலுக்கல்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மஞ்சத்துணி முடிச்சு தொங்கும். மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது பழனிக்கென்று என் வீட்டுக்காரி முடிந்து வைத்த காசு. அப்புறமும் சில்லறை கிடைக்கும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் பொடக்காளியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அதை அவிழ்த்தேன். 185 ரூபாய் இருந்தது. கனத்தில் வித்தியாசம் தெரியக் கூடாதென்று சைக்கிள் நட்டும் வாஷரும் எண்ணிப் போட்டு, அவள் போட்ட மாதிரியே இரட்டை முடிச்சு போட்டு மாட்டினேன். முடிச்சு அதே மாதிரி வர மூன்று தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்து, பழனி மலையில் உண்டியல் முன்னால் அவள் அதை அவிழ்த்தாள். ஒரு நட்டு உருண்டு போய்ப் பின்னால் நின்றவர் காலில் முட்டி நின்றது. அந்தப் பெரியவர் குனிந்து எடுத்து, "இந்தாங்கம்மா, உங்களுதுங்க" என்று அவள் கையில் கொடுத்தார். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிவாரம் வரைக்கும் அந்த நட்டைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அன்றோடு விட்டேன் என்று எழுத ஆசைதான். இன்னும் நாலு மாதம் ஆடினேன். அப்புறம் அவளே கடைக்கு வந்து முதலாளியிடம் பேசி, சனிக்கிழமைச் சம்பளத்தைத் தன் கையில் வாங்க ஆரம்பித்தாள். என் பெரியப்பா தெருமுனைப் பிள்ளையார் கோயில் பஜனைக்கு, சரியாகச் சம்பளம் போடும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், என்னை இழுத்துப்போய்க் கையில் ஜால்ராவைக் கொடுத்தார். நான் போகாத வாரம் வாசலில் வந்து நின்றார். இதில் சாமி இருந்தாரா என்று கேட்டால் இருந்தார் என்றுதான் சொல்வேன். பெரியப்பாவின் செருப்புச் சத்தமாக வந்தார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது எனக்கு அது பெரிய செய்தியாகவே படவில்லை.

அதனால் குண்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கே மனசு இருந்தால் இறங்கட்டும். பங்குனியில் வரும் அந்தக் குண்டம் நோம்பி (திருவிழா) முடிந்த மறுநாள் சாயங்காலம் அவர் யாரோடு இருப்பார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். என்ன வேண்டிக்கொள்கிறார் என்றும் மெதுவாகக் கேளுங்கள். 'விட்டதை மட்டும் எடுத்துக் கொடு தாயே, அத்தோடு நிறுத்திடறேன்' என்பதுதான் வேண்டுதல் என்றால், அவர் கோயிலுக்குள்ளேயும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சம்பளம் உங்கள் கணக்குக்கு வரட்டும். அவர் போனில் பணம் அனுப்பும் வசதி வேண்டாம். கடனை அடைக்க உடனே நகையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்; யாருக்கு எவ்வளவு என்று அவர் கையாலேயே முதலில் எழுதட்டும். ஒரு தடவை சுத்தமாக அடைத்துவிட்டால், மறுபடி கடன் வாங்க இடம் கிடைத்த மாதிரி ஆகிவிடும். இந்தச் சூதாட்டப் பழக்கம் திமிரோ, செய்வினையோ இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் குடிநோய் இருக்கிற அதே பிரிவில்தான் இதுவும் இருக்கிறது. எப்போது ஜெயிப்போம் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கட்டிப் போடுகிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 'செத்துப் போயிடறேன்' என்று அவர் சொன்னால் மிரட்டுகிறார் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கூப்பிடுங்கள். மருத்துவரிடம் போவதால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அத்தையிடமும் சொல்லுங்கள். அத்தை வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாமி கும்பிடுவதில்லை. சீட்டாட்டத்தை விடுவதற்காகக் குழுவாகக் கூடிப் பேசும் அமைப்பு ஒன்று இருக்கிறதாம், அதில் கடவுள் பேச்சு வருமாம். என்னைப் போன்றவனுக்கு அது ஒத்து வருமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: பெரியார் ஊரிலிருந்து வேறு எப்படிக் கேள்வி வரும்! நீங்கள் சொல்வது, குடியை விடுகிறவர்களுக்கான '12 படிகள்' என்ற வழிமுறையை எடுத்துக்கொண்டு 1957-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்' குழு. கடவுள் பேச்சு வரும். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடிதான் கடவுள் என்று வாசலை அகலமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம்மைவிடப் பெரியது ஒன்று வேண்டும் என்கிறார்களா, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் 10 பேரையே அப்படி வைத்துக்கொள்ளுங்கள். 'என்னால் தனியாக முடியவில்லை' என்று ஒருவர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதுதான் அதில் கஷ்டமான பகுதி. அது பக்தனுக்கும் கஷ்டம்தான்.

கேள்வி: ரம்மி திறமை ஆட்டம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே, அப்புறம் ஏன் சூது என்கிறீர்கள்?
(கல்லூரி மாணவர், பொள்ளாச்சி)

பதில்: 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்கிறது. மற்றபடி திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை தம்பி. 185 ரூபாய்க்குச் சரியான எடையில் நட்டும் வாஷரும் எண்ணிப் போட எனக்கும் நிறையத் திறமை வேண்டியிருந்தது.